அக்கா பேரன் டூல் ரூம் படிக்கட்டும்



பதிவு நீளம். மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிற ஆள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். என் மருமகன் மட்டும் பொறுமை இல்லாவிட்டாலும் படிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இரண்டு வாரமாக ஒரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது. அக்கா பேரன் பத்தாம் வகுப்பில் 500-க்கு 437 வாங்கியிருக்கிறான். பிளஸ் ஒன்னில் உயிரியல் குழு, விடுதியோடு நீட் பயிற்சி என்று அவன் அப்பா முடிவு செய்துவிட்டார். பையன் ஒரே பிடியாக, அச்சு செய்கிற டிப்ளமா படிக்கிறேன் என்கிறான். அதைத்தான் மோல்டு, டை, டூல் ரூம் என்று சொல்கிறார்கள். அக்கா சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். "நல்லா படிக்கிற பையன் எதுக்கு ஃபிட்டர் வேலைக்குப் போகணும்?" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்குக் கேட்டாகிவிட்டது. கடைசியில் "வாத்தியார் மாமா சொன்னா கேப்பான்" என்று பந்து என்னிடம் வந்தது.

சரி, சொல்கிறேன். ஆனால் நீங்கள் நினைத்த பக்கம் சொல்லப் போவதில்லை.

இதெல்லாம் ஒரு மிக்சியில் ஆரம்பித்தது. 2011-ல் தொடங்கிய திட்டத்தில் அரசாங்கம் கொடுத்த விலையில்லா மிக்சி, அக்கா வீட்டில் இன்னும் ஓடுகிறது. அதைப் பையன் கழற்றி வைத்துக்கொண்டு, "தாத்தா, இத்தனை லட்சம் வீட்டுல இருக்கிற மிக்சி ஒன்னுக்கு ஒன்னு எப்படி அப்படியே அச்சா இருக்கு?" என்று கேட்டான். "அச்சுல வார்க்கிறாங்கப்பா" என்றேன். "சரி, அந்த அச்சை எதுல செய்றாங்க? அது இரும்புதானே. இரும்புக்குள்ள இவ்வளவு சின்னச் சின்னப் பள்ளம், மூலை, எழுத்தெல்லாம் யார் செதுக்குறாங்க?" என்றான். முப்பது வருஷத்துக்கு மேல் அறிவியல் நடத்தியவனுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு, கோயம்புத்தூரில் இருக்கிற என் பழைய மாணவன் ஒருவனுக்குப் போன் போட்டேன். "வாங்க சார், நேர்லயே காட்டுறேன்" என்றான். தை மாதம் நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அவன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். உங்களில் சிலருக்குப் புரிந்துவிடும். புரிந்தாலும் கமெண்டில் போடாதீர்கள்.

அவன் என்னைக் கூட்டிப்போய் நிறுத்திய எந்திரம் எங்கள் பள்ளி சத்துணவுக்கூடம் அளவு இருந்தது. பொறியியல் புத்தகத்தில் இ.டி.எம். என்று இருக்குமாம். பட்டறையில் எல்லோரும் ஸ்பார்க் மெஷின் என்கிறார்கள். பெரிய தொட்டி, அதில் எண்ணெய், எண்ணெய்க்குள் மூழ்கிக் கிடக்கும் உருக்குக் கட்டி. அன்று அதில் இருந்தது தக்காளி ஏற்றுகிற பிளாஸ்டிக் கிரேட்டுக்கான அச்சு. ஒரு மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரம் என்றான். பழக்கதோஷம், அங்கேயே மனக்கணக்குப் போட்டேன். கன மீட்டருக்கு 7,850 கிலோ என்றால் கிட்டத்தட்ட மூன்று டன். மேலேயிருந்து கிராஃபைட்டில் செய்த ஒரு கறுப்பு உருவம் மெதுவாக அந்த எண்ணெய்க்குள் இறங்கியது. இறங்கி உருக்கைத் தொடப்போகிறது என்று பார்த்தேன். தொடவில்லை. கடைசிவரை தொடவே இல்லை.

அதுதான் இதில் உள்ள வேடிக்கை. மரத்தை உளி தொட்டுச் செதுக்குகிறது, கல்லை உளி தொட்டுச் செதுக்குகிறது. நம் பூவராக சுவாமி கோயில் மண்டபத்துத் தூண்களைச் செதுக்கினவர்களும் தொட்டுத்தான் செதுக்கியிருக்க முடியும். இந்த எந்திரத்தில் உருக்குக்கும் அந்தக் கிராஃபைட்டுக்கும் நடுவே எப்போதும் ஒரு சிறு இடைவெளி இருக்கும். கடைசி மெருகு வேலையின்போது அது தலைமுடியின் தடிமனுக்கும் குறைவு. அந்த இடைவெளியில் நொடிக்கு ஆயிரக்கணக்கில் மின்பொறி தாவுகிறது. பொறி விழுகிற புள்ளியில் வெப்பம் எட்டாயிரம் டிகிரிக்கும் மேலே போகிறது. அந்தப் புள்ளியில் கடுகைவிடப் பல மடங்கு சின்னதாக ஒரு துளி உருக்கு உருகி, ஆவியாகி, எண்ணெயோடு போய்விடுகிறது. அடுத்த நொடி இன்னும் ஆயிரம் துளி. இப்படியே மணிக்கணக்கில், சில வேலைகள் நாள்கணக்கில் நடந்து, கிராஃபைட்டின் உருவம் தலைகீழாக உருக்கில் பதிந்துவிடுகிறது. சத்தம் பெரிதாக இல்லை. காய்ந்த எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி ஒரு சடசடப்பு, அவ்வளவுதான்.

"ஏன்டா, இப்போ சி.என்.சி. மில்லிங் எல்லாம் வந்தாச்சே, அதுலயே குடைய முடியாதா?" என்று கேட்டேன். யூடியூபில் பார்த்துவிட்டுப் போயிருந்தேன். அவன் பதிலை உங்களுக்குச் சொல்ல வேண்டும், நான் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது. "சார், டிபன் பாக்ஸ் சதுரமா இருந்தா மூலையில ஒட்டின சாதத்தை வட்டக் கரண்டியால வழிக்க முடியுமா? மில்லிங் கட்டர் சுத்துற கத்தி. வட்டம்தான் போடும். உள்மூலை கூரா வேணும்னா நான்தான் போடணும்" என்றான். இன்னொன்றும் சொன்னான். நீங்கள் கல்யாணத்திலும் சாவிலும் உட்காருகிற பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் மெல்லிய தடுப்புகள் ஓடும். அந்தத் தடுப்பு ஒவ்வொன்றுக்கும் அச்சில் ஆழமான, குறுகலான ஒரு பள்ளம் வேண்டும். அவ்வளவு மெல்லிய கட்டரை அவ்வளவு ஆழத்துக்கு இறக்கினால் வளையும், அல்லது ஒடியும். பொறிக்கு அந்தக் கவலை இல்லை. உருக்கு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் பொறிக்கு ஒன்றுதான், மின்சாரம் பாய்ந்தால் போதும்.

சுவிட்சுப் பெட்டியின் மேலே, டிவி ரிமோட்டின் முதுகில், கையில் வழுக்காத ஒரு மெல்லிய சொரசொரப்பு இருக்கிறதல்லவா? பல பொருட்களில் அது அச்சில் ஸ்பார்க் விட்டுப்போன தடம் என்றான். வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் எதைத் தொட்டாலும் தடவிப் பார்க்கிறேன். வீட்டுக்காரி சிரிக்கிறாள்.

இது யார் கண்டுபிடிப்பு என்று தேடிப் படித்தேன். நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு ரொம்ப நெருக்கமான கதை. பழைய அம்பாசிடர், பழைய புல்லட் ஓட்டியவர்களுக்கு சி.பி. பாயிண்ட் தெரியும். வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் மெக்கானிக் மூடியைக் கழற்றி அந்தப் பாயிண்ட்டை எமரித் தாளால் தேய்ப்பார். ஒரு பக்கம் குழி விழுந்திருக்கும், மறுபக்கம் மேடு தட்டியிருக்கும். பொறி பொறியாகத் தாவி உலோகத்தைத் தின்றிருக்கும். இரண்டாம் உலகப் போரின்போது மாஸ்கோவில் லசரென்கோ என்று ஒரு கணவன் மனைவி, இருவரும் விஞ்ஞானிகள். அந்தப் பாயிண்ட் அரிக்காமல் இருக்க வழி கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் அவர்களுக்குக் கொடுத்த வேலை. எண்ணெயில் முக்கிப் பார்த்தார்கள். அரிப்பு நிற்கவில்லை, ஆனால் பொறி ஒரே சீராக விழ ஆரம்பித்தது. நிறுத்த முடியாத அரிப்பை நமக்கு வேண்டிய இடத்தில், வேண்டிய அளவுக்கு நடத்தினால் என்ன என்று யோசித்தார்கள். 1943-ல் அதுவே ஒரு எந்திரமாயிற்று. கொடுத்த வேலையில் அவர்கள் தோற்றுப்போனார்கள் என்றுதான் மார்க் போட வேண்டும். என்னிடம் அந்த விடைத்தாள் வந்திருந்தால் நான் அப்படித்தான் போட்டிருப்பேன்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

இந்த மாணவன் 1996-ல் பத்தாம் வகுப்பு முடித்தான். என்னிடம் எட்டாவது வரை படித்தவன். கையில் எதைக் கொடுத்தாலும் கழற்றி மாட்டுவான். அவன் அப்பாவுக்கு இரண்டு காணி நிலம், எழுதப் படிக்கத் தெரியாது. ஒருநாள் சாயங்காலம் மடித்த ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். டூல் ரூம் பயிற்சிக்குச் சேர அழைத்திருந்த கடிதம். "சார், இதுல சேத்துடலாமா? நீங்க சொன்னா சரி" என்றார். நான் காகிதத்தை முழுசாகக்கூடப் படிக்கவில்லை. "நல்ல மார்க் வாங்கியிருக்கான், அவனைப் போய் ஃபேக்டரிக்கு அனுப்பாதீங்க, டிகிரி படிக்கட்டும்" என்றேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பையன் பிளஸ் டூ முடித்து, பி.எஸ்சி. இயற்பியல் முடித்தான். பிறகு மூன்று வருஷம் வேலை இல்லை. ஒரு மளிகைக்கடையில் கணக்கு எழுதினான். அப்புறம் யாரோ சொல்லிக் கோயம்புத்தூருக்குப் போய், கணபதி பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, பதினெட்டு வயதுப் பையன்களோடு அரம் பிடிக்கக் கற்றுக்கொண்டான். எந்தப் படிப்பில் பதினாறு வயதில் சேர்ந்திருக்க வேண்டுமோ, அதை இருபத்து நாலு வயதில் பட்டறைத் தரையில் உட்கார்ந்து படித்தான். எட்டு வருஷம். நிலத்தில் ஒரு காணி அதில் போயிற்று.

அன்று அந்த எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இதை அவனிடம் சொன்னேன். உங்கப்பா என்கிட்ட கேட்டார், நான்தான் வேண்டாம்னு சொன்னேன் என்றேன். அவன் தொட்டியைப் பார்த்துக்கொண்டே, "அப்பா அன்னைக்கே சொன்னாரு சார்" என்றான். பிறகு, எண்ணெய் மட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பக்கம் போய்விட்டான். அவன் அப்பா இறந்து ஆறு வருஷமாகிறது.

இத்தனை வருஷமும் அவன் ஆசிரியர் தினத்துக்கு எனக்குப் போன் செய்து வாழ்த்துச் சொல்லியிருக்கிறான் என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

மாப்பிள்ளை, அதனால்தான் உங்கள் பையன் விஷயத்தில் நான் அதே பதிலை இரண்டாவது முறை சொல்ல மாட்டேன்.

"சாதாரண மெக்கானிக் வேலை" என்று குழுவில் எழுதினீர்களே, அந்த வேலையில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன். எலக்ட்ரோடை, அதாவது அந்தக் கிராஃபைட் அல்லது செம்பு உருவத்தை, வேண்டிய அளவிலிருந்து ஒரு பொட்டு குறைத்துச் செய்ய வேண்டும், பொறி தாவும் இடைவெளியைக் கழித்து. எவ்வளவு குறைப்பது என்பது மின்சாரத்தின் அளவைப் பொறுத்தது. முதலில் முரட்டு வேலைக்கு ஒரு எலக்ட்ரோடு, கடைசி மெருகுக்கு வேறொன்று. அரித்த துகள் அடியில் தங்கினால் பொறி ஒரே இடத்தில் நின்று எரிந்து குழி விழும். அதற்காகத் தலை அடிக்கடி மேலே எழும்பி எண்ணெயை உள்ளே இழுக்கும். எத்தனை நொடிக்கு ஒரு தரம் எழும்ப வேண்டும் என்பதை வேலை பார்க்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். தப்பினால் மூன்று டன் கட்டியில், பல நாள் உழைப்பின் மேல், ஒரு கருகல் விழும். வெல்டு வைத்துத் திரும்பவும் முதலிலிருந்து. இதற்கு இயற்பியலும் தெரிய வேண்டும், வடிவகணிதமும் தெரிய வேண்டும், நிதானமும் வேண்டும். 437 மதிப்பெண் இதற்கு அதிகம் என்று நினைக்காதீர்கள்.

ஆனால் நான் விளம்பரம் செய்யவில்லை. கண்ணால் பார்த்த குறைகளையும் சொல்கிறேன். எண்ணெய் வாடை இருக்கிறது. கிராஃபைட் அறுக்கிற இடத்தில் கறுப்புத் தூசு. உறிஞ்சுகிற எந்திரம் சரியாக ஓடாத பட்டறைகளில் மூக்குக்குள் போகும். தீ அபாயம் உண்மை. வேலைக்கு மேலே எண்ணெய் போதிய உயரம் நிற்காமல் குறைந்தால் பொறி காற்றோடு சேர்ந்து பற்றிக்கொள்ளும். நல்ல எந்திரங்களில் மட்டம் குறைந்தால் தானே நின்றுவிடும், தீயணைப்பானும் தானே வேலை செய்யும். பழைய எந்திரங்களில், அதுவும் மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டிய காலத்தில், ராத்திரி ஆள் இல்லாமல் ஓடவிட்டுத் தூங்கிப்போவது பெரிய ஆபத்து. முதல் இரண்டு மூன்று வருஷம் சம்பளம் குறைவு. கல்யாணச் சந்தையில் "டிகிரி என்ன" என்று கேட்பார்கள், நம் சொந்தத்திலேயே கேட்பார்கள். என் மாணவனுக்குப் பெண் கிடைக்கத் தாமதமானது அதனால்தான்.

இன்னொரு கேள்வி என் தம்பி மகன் போட்டது: "இந்த ஸ்பார்க் மெஷினே காலாவதி ஆயிடும் பெரியப்பா என்பவர்களும் இருக்கிறார்களே, அதிவேக மில்லிங் வந்தாச்சு" என்று. நியாயமான கேள்வி. முன்பு ஸ்பார்க்கில் செய்த வேலையில் பெரும்பங்கு இப்போது மில்லிங்குக்குப் போய்விட்டது, என் மாணவனும் அதை மறுக்கவில்லை. மிச்சமிருப்பது கூர்மூலை, ஆழமான பள்ளம், கஷ்டமான வேலை. அவன் பட்டறையில் அதே ஆட்கள்தான் மில்லிங்கும் பார்க்கிறார்கள், கம்ப்யூட்டரில் எலக்ட்ரோடு வரையவும் செய்கிறார்கள். வரைகிற பிரிவில் இரண்டு பெண்கள் இருந்தார்கள், ஒருவர் நம் பெண்ணாடம் பக்கம். எந்திரம் மாறினாலும் அச்சு தெரிந்தவர் தேவைப்படுவார் என்பது என் கணிப்பு. உலகம் பிளாஸ்டிக்கையும் வார்ப்பையும் விடுகிற மாதிரி தெரியவில்லை.

கொஞ்சம் அரசாங்கத்தையும் கேட்கிறேன். காரின் பம்பர், டேஷ்போர்டு போன்ற பெரிய அச்சுகளைக் கொரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் தைவானிலிருந்தும் கப்பலில் இறக்கியே நம் நாட்டில் ரொம்ப காலம் ஓட்டியிருக்கிறோம். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார் ஓடி வருகிறது, அதன் அச்சு வெளியூர்க்காரன் கையில். ஸ்பார்க் மெஷின்களிலும் பெரியவை ஜப்பான், சுவிட்சர்லாந்து, ஸ்பெயின் என்று வருகின்றன. புனேயில் எலக்ட்ரானிகா மாதிரி நம்மவர்களும் செய்கிறார்கள். 2022-ல் தமிழ்நாடு அரசு டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களைப் புதுப்பிக்க 2,877 கோடி ரூபாயில் திட்டம் போட்டது, நல்ல காரியம். ஆனால் எங்கள் பக்கத்துப் பிள்ளை பெரிய ஸ்பார்க் மெஷின் ஒன்றைக் கண்ணால் பார்க்க ராத்திரி பஸ் ஏறிக் கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோதான் போக வேண்டும். நெய்வேலியில் அவ்வளவு பெரிய சுரங்கமும் அனல்மின் நிலையமும் இருக்கிறது, கடலூரில் சிப்காட் இருக்கிறது, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் புலம் இருக்கிறது. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளை அச்சில் வார்த்தே பிழைத்த குடும்பங்கள் இருக்கின்றன. அச்சு என்றால் என்ன என்று தெரிந்த மண் இது. இந்த மாவட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும் வந்து பழகுகிற மாதிரி ஒரு பொது டூல் ரூம் வைத்தால் என்ன? சட்டமன்றத்தில் யாராவது கேட்டால் நான் ஓட்டுப் போட்ட காசு வசூல் (நான் காசு வாங்கவில்லை, சும்மா சொன்னேன்).

கேட்கிறவர்களுக்காக விவரம்: சென்னை கிண்டியில் 1968-ல் தொடங்கிய மத்திய அரசின் சிப்பெட்டில் பத்தாவது முடித்தவர்களுக்கு மோல்டு தொழில்நுட்பத்தில் மூன்று வருஷ டிப்ளமா இருக்கிறது, நுழைவுத் தேர்வு உண்டு. ஐ.டி.ஐ.யில் டூல் அண்டு டை மேக்கர் இரண்டு வருஷம். டிப்ளமா முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம், அதனால் "டிகிரி" என்கிற வாசல் மூடிவிடாது. அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, டிப்ளமா, ஐ.டி.ஐ. படித்தாலும் உண்டு. பள்ளியில் கேளுங்கள்.

மாப்பிள்ளை, கோபம் இருந்தால் என் மேல் வையுங்கள், பையன் மேல் வேண்டாம். நீங்கள் சரி என்று சொல்லும் வரை எந்த விண்ணப்பத்திலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஆனால் ஒரு தரம் அந்த எந்திரத்தின் முன்னால் அவனைக் கொண்டுபோய் நிறுத்துகிறேன். பார்த்த பிறகு, வாடை பிடிக்கவில்லை, நான் பிளஸ் ஒன்னே சேர்கிறேன் என்று அவனே சொன்னாலும் எனக்குச் சம்மதம். நீங்களும் கூட வந்தால் இன்னும் நல்லது. மாணவனிடம் பேசிவிட்டேன், சனிக்கிழமை முரட்டு வேலை ஒன்று ஓடுகிறதாம், காட்டுகிறேன் என்றான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விருத்தாசலம் போய் அங்கிருந்து சேலம் பஸ் பிடிக்கிறோம். அக்கா, எழுந்து சாப்பிடு. அப்படியே ரெண்டு பேருக்குப் புளிசாதம் கட்டிக் கொடு, மாப்பிள்ளை வந்தால் மூன்று.